கார்ல் பிளேகன்: பானை ஓடுகளை நம்பி வாழ்ந்த ஒரு தொல்லியலாளர்

கேள்வி இதுதான்: "செவ்வியல் தொல்லியலாளர் என்கிறார்களே, அவர் வாழ்நாள் முழுக்க என்னதான் செய்வார்? ஷ்லீமன் டிராயில் தங்கம் எடுத்த கதை தெரியும். மற்றவர்களும் அப்படித்தானா? யாராவது ஒருவருடைய வாழ்க்கையை வைத்துச் சொல்ல முடியுமா?"

முடியும். ஆனால் ஷ்லீமனை வைத்துச் சொல்ல மாட்டேன். இன்றைய துருக்கியில் அவர் தோண்டிய அதே டிராய் மேட்டை நாற்பது ஆண்டுகள் கழித்துப் பொறுமையாகத் தோண்டிய கார்ல் பிளேகனைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். அவர் வாழ்க்கை தெரிந்தால் இந்த வேலை என்ன என்பது தானாகவே புரியும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்க, உரோம நாகரிகங்களை மண்ணிலிருந்து படிப்பவரைத்தான் செவ்வியல் தொல்லியலாளர் என்கிறோம். பிளேகன் தோண்டியது பெரும்பாலும் வெண்கலக் காலம். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் எழுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முந்தையது, சில இடங்களில் ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுகள் முந்தையது. ஆனாலும் அவர் படித்தது கிரேக்கமும் இலத்தீனும். பாடம் நடத்தியது செவ்வியல் துறையில். டிராய்ப் போரைப் பாடிய பழைய கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களை மூலத்திலேயே படித்து வளர்ந்தவர். அந்தப் படிப்பு இல்லாமல் அவர் செய்ததில் பாதியைச் செய்திருக்க முடியாது.

பிறந்தது 1887 ஜனவரி 27, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில். பெற்றோர் நார்வேயிலிருந்து குடியேறியவர்கள். தந்தை அங்கிருந்த ஆக்ஸ்பர்க் கல்லூரியில் பேராசிரியர். தம்பி தியோடர் பிளேகன் பின்னாளில் மின்னசோட்டா மாநில வரலாற்றை எழுதிப் பெயர் பெற்றார். ஆக மொத்தம் படிப்பாளிகள் வீடு. கார்ல் யேல் பல்கலைக்கழகம் வரை படித்துவிட்டு, 1910இல் ஏதென்ஸில் இருந்த அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளிக்கு மாணவராக வந்தார். வந்தவர் கிரேக்க நாட்டை விடவே இல்லை. நடுவில் அமெரிக்காவில் முப்பது ஆண்டு பேராசிரியர் வேலை பார்த்தபோதும் ஏதென்ஸ் வீடுதான் அவருக்கு வீடு.

அந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1881இல் தொடங்கியது. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் எல்லாவற்றுக்கும் ஏதென்ஸில் இப்படி ஒவ்வொரு பள்ளி உண்டு. வெளிநாட்டவர் கிரீஸில் அகழாய்வு செய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் அனுமதி பெற வேண்டும். பிளேகன் அங்கே மாணவராக இருந்து, 1913இல் செயலராகி, பிறகு துணை இயக்குநர் ஆனார். இயக்குநராக இருந்தவர் பெர்ட் ஹாட்ஜ் ஹில். மண்ணைக் கவனமாகத் தோண்டுவதை அவரிடம்தான் பிளேகன் கற்றார். ஹில்லிடம் ஒரு குறை இருந்தது: எழுத மாட்டார். எதையும் முழுக்கச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்ப மனம் வராது. கடைசியில் 1926இல் அவர் பதவி போனதற்கு அதுவும் ஒரு காரணம். தோண்டிவிட்டு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை பிளேகன் பக்கத்திலிருந்தே பார்த்தார். அவர் வாழ்க்கையில் இது எவ்வளவு முக்கியம் என்று போகப் போகத் தெரியும்.

1915இல் கொரிந்துக்குப் பக்கத்தில் கடலோரம் கொராக்கு என்ற சின்ன மேட்டில் அவருடைய முதல் பெரிய அகழாய்வு. தங்கம் இல்லை, சிலை இல்லை, கல்வெட்டும் இல்லை. கிடைத்தது பானை ஓடு. கூடை கூடையாகப் பானை ஓடு. பிளேகனின் புகழுக்கு அடித்தளம் இந்த ஓடுகள்தான்.

எப்படி என்று கேட்டால், பழைய வீட்டுப் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம், அதற்கு மேலே எவர்சில்வர், எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் டப்பா. தேதி எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டுப் பரணிலும் அதே வரிசை இருந்தால், இரண்டு வீட்டிலும் எவர்சில்வர் வந்த காலம் ஏறக்குறைய ஒன்று என்றும் சொல்லலாம். மண்பானைக்கு இன்னொரு வசதியும் உண்டு. சுலபமாக உடையும், உடைந்ததை யாரும் சேர்த்து வைப்பதில்லை, அங்கேயே எறிந்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஓடு மட்கவே மட்காது. தங்கக் காப்பு பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போய் நூறு ஆண்டு கழித்துப் புதையும். பானை ஓடு உடைந்த காலத்திலேயே புதையும். அதனால் காலக் கணக்குக்குத் தங்கத்தைவிட ஓடுதான் நம்பகமான சாட்சி.

கொராக்குவில் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்த மண்ணடுக்குகளை பிளேகன் கலக்காமல் பிரித்தார். ஒவ்வோர் அடுக்கின் ஓடுகளையும் தனித்தனியாக வைத்துக் கழுவி, ஒட்டி, எண்ணினார். நடு அடுக்குகளில் சாம்பல் நிறத்தில், சக்கரத்தில் வனைந்து, தொட்டால் சோப்பு போல வழுவழுப்பான ஒரு வகை வந்தது. மினியன் மட்கலம் என்று அதற்குப் பெயர். அதற்குக் கீழே அது இல்லை. மேலே போகப் போக, கிரேக்கப் பெருநிலத்து மைசீனி நகரத்தின் பெயரால் வழங்கும் மைசீனியப் பாணி வருகிறது. இதை வைத்துக்கொண்டு, ஏதென்ஸில் பிரிட்டிஷ் பள்ளியின் இயக்குநராக இருந்த நண்பர் ஆலன் வேஸுடன் சேர்ந்து 1918இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிரேக்கப் பெருநிலத்தின் வெண்கலக் காலத்தை முற்கால, இடைக்கால, பிற்கால 'ஹெல்லாடிக்' என்று மூன்றாகப் பிரித்தது அதுதான். இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் இருப்பது இந்தப் பிரிவுதான்.

கேட்பதற்குச் சாதுவான விஷயம் போலத் தெரியும். ஆனால் அன்றைக்கு அது பெரிய சண்டையைக் கிளப்பியது. கிரீட் தீவில் நோசோஸ் அரண்மனையைத் தோண்டிய சர் ஆர்தர் எவான்ஸ் அப்போது துறையின் சக்கரவர்த்தி. மைசீனி போன்ற பெருநில நகரங்கள் எல்லாம் கிரீட்டின் மினோவர்கள் ஆண்ட காலனிகள் என்பது அவர் முடிவு. வேஸும் பிளேகனும் ஓடுகளைக் காட்டி, கிரீட்டின் செல்வாக்கு இருக்கிறது, ஆனால் பெருநிலத்துக்குத் தனி வளர்ச்சி இருக்கிறது, அங்கே இருந்தவர்கள் கிரேக்கர்களாகவே இருக்க வேண்டும் என்றார்கள். எவான்ஸுக்குப் பொறுக்கவில்லை. 1923இல் வேஸ் தன் இயக்குநர் பதவியை இழந்தார். பிளேகன் அமெரிக்கப் பள்ளியில் இருந்ததால் தப்பித்தார். வாதத்துக்குத் தீர்ப்பு வர முப்பது ஆண்டு ஆனது. அந்தத் தீர்ப்புக்கான சான்றும் பிளேகன் கையிலிருந்துதான் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பானை ஓடுகளை வைத்துக் காலம் சொல்லும் இந்தக் கணக்கு நமக்கும் அந்நியமில்லை. உரோமானிய பிரிட்டனைத் தோண்டிப் பழகிய மார்டிமர் வீலர் 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் காலத்தை நிர்ணயித்ததும் இதே வழியில்தான். இத்தாலியில் செய்த அர்ரடைன் என்ற சிவப்பு மட்கலத்தின் காலம் அங்கே ஏற்கெனவே தெரியும். அது அரிக்கமேட்டின் எந்த அடுக்கில் கிடைக்கிறதோ, அந்த அடுக்கின் காலமும் தெரிந்துவிடுகிறது.

1928இல் பிளேகன் ஜே. பி. ஹேலி என்ற மொழியியலாளருடன் சேர்ந்து எழுதியது இன்னொரு அழகான வேலை. கொரிந்தோஸ், ஜாக்கிந்தோஸ், பர்னாஸோஸ் என்று -ந்தோஸ், -ஸ்ஸோஸ் என முடியும் ஊர், மலைப் பெயர்கள் கிரேக்க மொழியில் பொருள் தருவதில்லை. அவை கிரேக்கர்கள் வருவதற்கு முன் இருந்தவர்கள் வைத்த பெயர்கள். அந்தப் பெயர்களை ஹேலி வரைபடத்தில் குறித்தார். முற்கால வெண்கல ஊர்களை பிளேகன் குறித்தார். இரண்டும் பெருமளவு பொருந்தின. ஆகவே முற்கால வெண்கல மக்கள் கிரேக்கர்களுக்கு முந்தையவர்கள், கிரேக்க மொழி பேசியவர்கள் அதற்குப் பின்னால் வந்தவர்கள் என்பது அவர்கள் வாதம். ஊர்ப்பெயர்களையும் பானை ஓடுகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்த அந்த யோசனை எனக்கு இன்றும் வியப்புதான். பொருள்களின் பெயரிலும் இந்த விகுதி உண்டு. குளியல் தொட்டிக்கு ஹோமர் பயன்படுத்தும் சொல் 'அஸாமிந்தோஸ்'. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாழ்க்கை. 1924இல் எலிசபெத் பியர்ஸை மணந்தார். அவரும் தொல்லியல் படித்தவர். அகழாய்வுகளில் பங்கெடுத்தவர். ஏதென்ஸில் நடக்கும் கண்டுபிடிப்புகளைப் பற்றி அமெரிக்கத் தொல்லியல் இதழுக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தி எழுதியவர். அதே ஆண்டில் எலிசபெத்தின் ஆசிரியரும் நெருங்கிய தோழியுமான ஐடா தாலன், பெர்ட் ஹாட்ஜ் ஹில்லை மணந்தார். நான்கு பேரும் புளூட்டார்க் தெருவில் 9ஆம் எண் வீட்டில் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். ஏதென்ஸ் வரும் தொல்லியல் மாணவர்களும் அறிஞர்களும் அந்த வீட்டுக்குப் போகாமல் ஊர் திரும்பியதில்லை. எழுதவே எழுதாத ஹில்லும் எழுதி முடிக்காமல் தூங்காத பிளேகனும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ்.

1927இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அங்கே செவ்வியல் துறையை வளர்த்த வில்லியம் செம்பிள், லூயிஸ் டாஃப்ட் செம்பிள் தம்பதியின் ஆதரவில்தான் டிராய் அகழாய்வு நடந்தது. 1932 முதல் 1938 வரை, ஏழு பருவங்கள்.

ஷ்லீமன் அதே மேட்டில் ஹோமரின் டிராய் அடியில்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் நடுவே பெரிய பள்ளம் வெட்டினார். வழியில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டினார். 1873இல் அவர் எடுத்து, ஹோமர் பாடும் டிராய் அரசனின் பெயரால் 'பிரியாம் அரசனின் புதையல்' என்று பெயர் வைத்த தங்கம், பிரியாம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தையது. அவர் தேடிய காலத்து நகரத்தின் பெரும்பகுதியை அவரே வெட்டி எறிந்துவிட்டார். அவருக்குப் பின் வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்ட் வந்து ஒன்பது நகரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருப்பதை ஒழுங்குபடுத்தினார். பிளேகன் போனபோது மிச்சமிருந்தது அங்கங்கே நின்ற மண் திட்டுகள்தான். அந்தத் திட்டுகளை விரல் அளவு கவனத்தோடு பிரித்து, ஒன்பது நகரங்களுக்குள் 46 கட்டங்கள் இருப்பதைக் காட்டினார். அதிலும் எல்லாவற்றையும் தோண்டித் தீர்க்கவில்லை. நாளை நம்மைவிட நல்ல முறைகள் வரும் என்று சில பகுதிகளைத் தொடாமல் விட்டார்.

ஆறாவது டிராயின் மதில்கள் சாய்ந்த விதத்தைப் பார்த்து அது நிலநடுக்கத்தில் விழுந்தது என்றார். அதற்கடுத்து ஏழாம் நகரத்தின் முதல் கட்டமான 'ஏழு-ஏ'யில் காட்சி மாறுகிறது. மதிலை ஒட்டி நெருக்கியடித்துக் கட்டிய சின்ன வீடுகள். வீட்டுத் தரைக்குள் கழுத்து வரை புதைத்த பெரிய தாழிகள், மேலே கல் மூடி. தானியமோ எண்ணெயோ நிறையச் சேமிக்க வேண்டிய நெருக்கடி. முடிவில் தீ, சிதறிக் கிடந்த மனித எலும்புகள். முற்றுகைக்கு ஆளான நகரம் இது, ஹோமர் பாடிய போரின் டிராய் இதுதான் என்றார் பிளேகன்.

இதில் நான் அவரோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். தீ வைத்தவர் யார் என்று தாழி சொல்லாது. வரலாற்றறிஞர் மோசஸ் ஃபின்லி 1960களில் இதைக் கடுமையாகவே கேட்டார்: நகரம் எரிந்தது சரி, எரித்தவர் கிரேக்கர் என்பதற்கு என்ன ஆதாரம்? ஏழு-ஏ எரிந்ததாக பிளேகன் சொன்ன காலத்தையும் பின்னர் வந்தவர்கள் கீழே இறக்கி, கி.மு. 1180ஐ ஒட்டி வைக்கிறார்கள். ஓடுகளில் அத்தனை கட்டுப்பாடாக இருந்தவர் ஹோமர் என்று வந்ததும் கொஞ்சம் இளகிவிட்டார். ஆனால் அவரைத் திருத்தியவர்கள் திருத்தியது அவர் புத்தகத்தில் இருந்த ஓடுகளை வைத்துத்தான். நான்கு பெரும் தொகுதிகள், 1950 முதல் 1958 வரை, அடுக்கு வாரியாக, படத்தோடு. தன் முடிவைத் தவறென்று காட்டத் தேவையான பொருளையும் தன் கையாலேயே அச்சிட்டுக் கொடுத்திருந்தார். ஜான் காஸ்கி, மேரியன் ராசன், ஜெரோம் ஸ்பெர்லிங் ஆகியோரின் உழைப்பும் அதில் உண்டு. குறிப்பாக மேரியன் ராசன் டிராயிலும் அதற்கடுத்த பைலோஸிலும் கடைசி வரை கூடவே நின்றவர்.

இப்போது பைலோஸ்.

ஹோமரின் ஒடிசி காவியத்தின் மூன்றாம் பாடலில், டிராய்ப் போருக்குப் போய் வீடு திரும்பாத தந்தை ஒடிசியஸைத் தேடி டெலிமாக்கஸ் பைலோஸ் வருகிறான். பைலோஸின் அரசரான கிழவர் நெஸ்டர் கடற்கரையில் கடல் கடவுள் போஸைடனுக்குக் காளைகளைப் பலியிட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பைலோஸ் எது என்பதில் பழங்காலத்திலேயே சண்டை. கிரேக்கத் தொல்லியலாளர் கோன்ஸ்டான்டினோஸ் கூருனியோடிஸும் பிளேகனும் கிரீஸின் தென்மேற்கில் உள்ள மெஸ்ஸீனியாவில் ஊர் ஊராகச் சுற்றி, நவரினோ விரிகுடாவைப் பார்த்தபடி நிற்கும் ஆனோ எங்லியானோஸ் என்ற குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே ஒலிவ மரங்கள். 1939 ஏப்ரல் 4 அன்று மரங்களுக்கு நடுவே முதல் குழியை வெட்டத் தொடங்கினார்கள். குழியைப் பார்த்துக்கொண்டவர் இளம் ஆய்வாளர் வில்லியம் மெக்டொனால்ட். அன்றைக்கே சுவர் வந்தது, சாந்துத் துண்டுகள் வந்தன. கூடவே களிமண் வில்லைகள் வந்தன. வில்லைகளில் எழுத்து.

அந்த எழுத்து நோசோஸில் எவான்ஸ் 1900இல் கண்டு, அன்றுவரை யாராலும் படிக்க முடியாமல் இருந்த லீனியர் பி. அதுவரை கிரேக்கப் பெருநிலத்தில் இப்படி வில்லைக் கூட்டம் கிடைத்ததே இல்லை. குன்று முழுவதிலும் வெட்டிய முதல் குழி நேராக ஆவண அறையின் மேலேயே விழுந்திருந்தது. அந்த ஒரு பருவத்திலேயே 600க்கும் மேற்பட்ட வில்லைகளும் துண்டுகளும் கிடைத்தன. இவை சூளையில் சுட்டவை இல்லை. ஈரக் களிமண்ணில் கீறி, காய வைத்து, ஆண்டு முடிந்ததும் கரைத்துவிடும் தற்காலிகக் கணக்குகள். கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனை எரிந்தபோது அந்தத் தீயே அவற்றைச் சுட்டு இறுக்கிவிட்டது. அரண்மனையை அழித்த நெருப்புதான் அதன் கணக்குப் பிள்ளைகளின் கையெழுத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

அதே ஆண்டு போர் வந்தது. வில்லைகள் ஏதென்ஸில் வங்கிக் காப்பறைக்குப் போயின. அதற்கு முன் அலிசன் ஃபிரான்ட்ஸ் அவற்றைப் புகைப்படம் எடுத்துவிட்டார். அது பெரிய புண்ணியம். பிளேகன் போர்க்காலத்தில் வாஷிங்டனில் உளவு அமைப்பின் ஒரு பிரிவில் கிரேக்க விவகாரங்களைப் பார்த்தார். போர் முடிந்ததும் ஏதென்ஸ் அமெரிக்கத் தூதரகத்தில் பண்பாட்டு அதிகாரி. அந்த ஆண்டுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அவர் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். எவான்ஸ் தன் நோசோஸ் வில்லைகளில் பெரும்பகுதியை வெளியிடாமலேயே 1941இல் இறந்தார். தானே படிப்பேன் என்று நாற்பது ஆண்டு பூட்டி வைத்திருந்தார். யாராலும் படிக்க முடியாமல் போனதற்கு அதுவும் காரணம். பிளேகன் தன் வில்லைகளைத் தன் மாணவர் எம்மெட் பென்னெட்டிடம் கொடுத்தார். போரில் சங்கேதச் செய்திகளை உடைக்கும் வேலை பார்த்த பென்னெட், எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எது தனி எழுத்து, எது ஒரே எழுத்தின் வேறு கை என்று பிரித்து, 1951இல் நூலாக வெளியிட்டார். பிளேகன் தன் அகழாய்வின் இறுதி அறிக்கையை எழுதுவதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே அதன் மிகப் பெரிய செல்வம் எல்லோர் மேசைக்கும் வந்துவிட்டது. லண்டனில் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் மேசைக்கும் வந்தது. 1952இல் வென்ட்ரிஸ் அறிவித்தார்: லீனியர் பி எழுதியது கிரேக்க மொழியை.

பலர் நம்பவில்லை. அப்போது பிளேகன் பைலோஸுக்குத் திரும்பி 1952இல் புதிதாக எடுத்த வில்லைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். 1953 வசந்தத்தில் ஒரு வில்லையின் மேல் வென்ட்ரிஸின் ஒலிப்பட்டியலை வைத்துப் பார்த்தார். டிஏ 641 என்பது அதன் எண். நீளமாக, குறுகலாக இருக்கும் இந்த வகை வில்லைகளை ஆய்வாளர்கள் பனையோலை வடிவம் என்றே அழைக்கிறார்கள். நம் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும்.

அதில் இருப்பது பாத்திரப் பட்டியல். ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரையும் எழுதி, பக்கத்தில் படம் போட்டு, எண்ணிக்கை போட்டிருக்கிறது. மூன்று கால் கொண்ட கொப்பரையின் படம். பக்கத்து எழுத்துகளை வென்ட்ரிஸின் முறையில் படித்தால் 'டி-ரி-போ-டே'. கிரேக்கத்தில் திரிபோடே, அதாவது மூன்று கால் கொண்டவை இரண்டு. நாம் முக்காலி என்கிறோமே, அதே முறையில் அமைந்த சொல். அடுத்து கைப்பிடி நான்கு உள்ள பாத்திரத்தின் படம்: 'கெ-டோ-ரோ-வே', நான்கு காதுள்ளது. மூன்று பிடி உள்ளதற்கு 'டி-ரி-யோ-வே', மூன்று காதுள்ளது. பிடியே இல்லாததற்கு 'அ-னோ-வே', காதில்லாதது. வாணலியின் பிடியை நாமும் காது என்றுதானே சொல்கிறோம்! படத்தில் எத்தனை காதோ, எழுத்தில் அத்தனை காது. வென்ட்ரிஸ் தன் முறையை உருவாக்கியபோது இந்த வில்லையைப் பார்த்ததே இல்லை. எந்தத் தற்செயலாலும் இப்படிப் பொருந்தாது. 1953 மே மாதம் பிளேகன் வென்ட்ரிஸுக்குக் கடிதம் எழுதினார். நம்ப முடியாத அளவுக்குப் பொருந்துகிறதே, தற்செயல் இல்லைதானே என்று அதில் கேட்டார். முப்பது ஆண்டு முன் ஓடுகளை வைத்து வேஸும் அவரும் சொன்னது சரியென்று அந்த ஒரு துண்டு மண் சொல்லிவிட்டது. மைசீனியர்கள் கிரேக்கர்கள்தான்.

அந்த வில்லையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒரு கொப்பரையின் பக்கத்தில் "கிரீட்டில் செய்தது, கால்கள் எரிந்துபோனது" என்று குறித்திருக்கிறார் கணக்கர். மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன், ஓர் அரண்மனைச் சரக்கறையில், யாரோ ஒருவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். இன்னொரு வில்லையிலிருந்து, அரசன் ஒரு புதிய அதிகாரியை நியமித்த சமயத்தில் எடுத்த சரிபார்ப்பு இது என்று தெரிகிறது.

மற்ற வில்லைகளிலும் காவியம் இல்லை, பாட்டு இல்லை. ஆடு, வெண்கலம், தேர்ச்சக்கரம், எண்ணெய். பெண் தொழிலாளர்களுக்குத் தானியமும் அத்திப்பழமும் அளந்த கணக்கு. அந்தப் பெண்களில் சிலர் லெம்னோஸ், மிலேட்டஸ், நிடோஸ் ஊர்க்காரர்கள் என்று எழுதியிருக்கிறது. கடல் கடந்து எப்படி வந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கும். கடற்கரையில் காவல் இருந்தவர்களின் பட்டியலும் உண்டு. 'பு-ரோ' என்ற ஊர்ப்பெயரும் திரும்பத் திரும்ப வருகிறது. அதாவது பைலோஸ். பழைய சண்டைக்கு விடை மண்ணுக்குள்ளேயே எழுதியிருந்தது.

1952 முதல் 1966 வரை அரண்மனை முழுவதையும் வெளியே கொண்டுவந்தார். நடுவே பெரிய வட்ட அடுப்புள்ள அரச மண்டபம். ஒரு சின்ன அறையில் மட்டும் காலுள்ள குடிகிண்ணங்கள் 2,800க்கும் மேல் அடுக்கியபடியே நொறுங்கிக் கிடந்தன. எல்லாவற்றையும் எண்ணினார்கள். இன்னோர் அறையில் சுடுமண் குளியல் தொட்டி, உள்ளே ஏற ஒரு படியோடு. டெலிமாக்கஸை நெஸ்டரின் மகள் குளிப்பாட்டியதாக ஹோமர் சொல்லும் இடத்தில் வரும் அஸாமிந்தோஸ் இதுதான் என்று பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தோன்றும். 1928 கட்டுரையை எழுதியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவரும் இதை 'நெஸ்டரின் அரண்மனை' என்றே அழைத்தார். நெஸ்டர் என்ற அரசன் இருந்தானா என்பதற்கு வில்லைகளில் சான்று இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

பைலோஸ் அறிக்கையின் முதல் தொகுதி 1966இல், மேரியன் ராசனோடு சேர்ந்து. அதே ஆண்டு எலிசபெத் இறந்தார். ஐடாவும் ஹில்லும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். 1965இல் அமெரிக்கத் தொல்லியல் கழகம் தன் தங்கப் பதக்கத்தை ஏற்படுத்தி முதன்முதலில் கொடுத்தது அவருக்குத்தான். 1971 ஆகஸ்ட் 24 அன்று ஏதென்ஸிலேயே, 84 வயதில் காலமானார். மூன்றாம் தொகுதி 1973இல் வந்தது.

இரண்டு விஷயம் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. அரண்மனையில் கிடைத்த எரிந்த எலும்புகளை அவர் தூக்கி எறியவில்லை. அன்றைக்கு அவற்றை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் பெரிதாகத் தெரியாது, ஆனாலும் எங்கே கிடைத்தது என்று குறித்துப் பத்திரப்படுத்தினார்கள். 2000த்தை ஒட்டி வேறு ஆய்வாளர்கள் அவற்றை எடுத்து ஆராய்ந்தபோது, மாடுகளின் குறிப்பிட்ட எலும்புகளை மட்டும் சதை நீக்கி எரித்திருப்பது தெரிந்தது. நெஸ்டர் கடவுளுக்குத் தொடை எலும்பை எரித்ததாக ஹோமர் சொல்லும் வழக்கத்தின் நெருங்கிய உறவு அது. அப்புறம் 2015இல், அவருடைய சின்சினாட்டி பல்கலைக்கழகத்திலிருந்தே வந்த ஜாக் டேவிஸும் ஷாரன் ஸ்டோக்கரும், அரண்மனைக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஒலிவத் தோப்பில், கி.மு. 1450ஐ ஒட்டிய ஒரு வீரனின் கல்லறையைத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கான பொருள்கள், தங்க மோதிரங்கள், 3.6 சென்டிமீட்டர் கல்லில் செதுக்கிய ஒரு போர்க்காட்சி. பிளேகன் அத்தனை ஆண்டு நடமாடிய குன்றின் பக்கத்தில்தான். பெரும் தங்கம் அவர் கண்ணில் படவில்லை.

ஏதென்ஸ் போகும் வாய்ப்பு கிடைத்தால் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் டிஏ 641ஐத் தேடிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், ஓலை போல, கைக்கு அடக்கமாக இருக்கும். கிரேக்கம் தெரிய வேண்டாம். காதுகளை மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.